ஓட்டை வாளி போடாத படம்

மார்ச் 3, செவ்வாய் இரவு

அண்ணா,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் அந்தக் குறட்டைக்காரருக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழித்த துண்டுகளை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதே. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கேம் டெஸ்ட் விஷயம் எதையும் போனில் பேசாதே, மெசேஜ் அனுப்பாதே என்று நீதானே சொன்னாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். ஹாலில் அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் செத்தவள் மாதிரி கிடக்கிறேன். பதிலை அத்தையின் தையல் கடைக்கே போடு. "இந்தக் காலத்துல அண்ணனும் தங்கச்சியும் கடுதாசியா? என்ன கூத்துடி இது?" என்று கேட்டாள். அதற்கு மேல் தோண்டவில்லை. கவரைப் பிரிக்கவும் மாட்டாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிபந்தனைப் பக்கத்தைப் படம் எடுத்து ஃபோரத்தில் போட்டது நான்தான்.

முதலிலிருந்து எழுதுகிறேன். எழுதினால்தான் எங்கே வழுக்கினேன் என்று எனக்கே புரியும். உங்கள் கம்பெனியின் துறைமுக கேம் இன்னும் கடைக்கு வரவில்லை. பீட்டா டெஸ்ட் என்று, அதற்கு முன்பே விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஆட்களை எடுத்தார்கள். வேலை செய்பவர்கள் வெளியாள் ஒருவரை அழைக்கலாம், ஆனால் சொந்தக் குடும்பத்தை அழைக்கக் கூடாது, பதினெட்டு வயது ஆகாதவர்கள் கூடவே கூடாது. நான் நச்சரித்து நச்சரித்து உன் அழைப்பை வாங்கிக்கொண்டேன். அம்மா பெயரில் அக்கவுண்ட் தொடங்கினோம். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

கேம் ஆடுபவர்கள் கூடிப் பேசும் அந்த ஃபோரத்தில் கொஞ்ச நாளாக ஒரே சண்டை. இந்த பீட்டா டெஸ்டின் நிபந்தனைகள் பயங்கரமாக இருக்கின்றன என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். டெஸ்டில் இருப்பதையே வெளியே சொல்லக் கூடாது என்பதால் தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. தெரியாதவர்கள் வாயை மூடவில்லை. ஒரே ஒருவர்தான் என்னென்ன நிபந்தனை என்று நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். ஓட்டை வாளி என்ற பெயரில் எழுதுவாரே, அவர்தான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். எல்லோரும் அவரைப் போட்டுக் கலாய்த்தார்கள்.

"ஃப்ரீயா விளையாட விடுறான். ஓகே அமுக்கினா விரல் தேஞ்சிடுமா?"

"வாளி, நீ பாத்ரூம் கதவுல ஒட்டுற நோட்டீஸைக்கூட நின்னு படிப்பியா?"

"படிப்பேன் தம்பி. எப்ப தண்ணி நிக்கும்னு அதுலதானே போட்டிருக்கும்" என்று அவர் பதில் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் உங்கள் கம்பெனி ஒரு அறிவிப்பு போட்டது. எங்கள் நிபந்தனைகள் எல்லோரும் போடும் வழக்கமான நிபந்தனைகளே, திரித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள் என்று. உடனே ஃபோரமே அவரைப் புளுகு வாளி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. டெஸ்டில் இருக்கும் அத்தனை பேரும் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அதனால் அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மூலையில் இருந்த அம்மா பெயரைக் கறுப்படித்து, பெயரில்லாதவர் என்ற பெயரில் போட்டுவிட்டேன்.

ஃபோரம் பற்றி எரிந்தது அண்ணா. "வாளி சொன்னது அட்சரம் பிசகாம இருக்குடா" என்றார்கள். "இதை எழுதினவனுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" என்றார்கள். படம் போட்டவன் ஆம்பள சிங்கம் என்று ஒருவன் எழுதினான். நான் தலையணையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். அன்று ராத்திரி முழுக்க நான் ஆம்பள சிங்கம்.

இன்று அடுத்த அறிவிப்பு வந்திருக்கிறது. படத்தை வெளியிட்டவரைக் கண்டுபிடிக்கும் வழி எங்களிடம் இருக்கிறது என்று. பெயரைத்தான் அழித்துவிட்டேனே, எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? சும்மா மிரட்டல்தானே? மிரட்டல்தான் என்று ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

சுண்டு


மார்ச் 7, சனி

சுண்டு,

மிரட்டல் இல்லை.

நிபந்தனைப் பக்கத்துக்குப் பின்னால் மங்கலாகத் துறைமுகக் கட்டடங்கள் தெரியும், கவனித்திருக்கிறாயா? அவற்றில் எந்தெந்த சன்னலில் விளக்கு எரிகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. நீ மூலையில் இருந்த பெயரை ஒழுங்காக அழித்தாய். பின்னால் ஊரே விளக்குப் போட்டு உன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த விளக்குகள் ஒவ்வொருவருக்கும் சரியாக எரிகின்றனவா என்று சரிபார்ப்பவன் நான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதுதான் என் முதல் வேலை. உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ படம் எடுத்திருக்க மாட்டாய். ஆபீஸ் ரகசியம் என்று சொல்லவில்லை. அழைப்பைத் திருட்டுத்தனமாகக் கொடுத்தவன் அந்த ரகசியத்தை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறேன் பார்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். என் மேற்பார்வையாளர் உன் படத்தை என் திரையில் திறந்து வைத்து, "இது யாருன்னு பாத்துச் சொல்லுப்பா, மதியத்துக்குள்ள வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விளக்கு வரிசையைப் போட்டுத் தேடினேன். நம் அம்மாவின் பெயர், முழுப் பெயர், இனிஷியலோடு வந்து நின்றது. எதிர் இருக்கைக்காரன் "என்ன, பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டான். காலையில் சாப்பிடவில்லை என்றேன்.

படம் மங்கிவிட்டது, விளக்கு எது கறை எது என்று பிரிக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் மறு கேள்வி கேட்கவில்லை. என் வார்த்தையை அவர் அப்படியே நம்பியதுதான் இன்னும் உறுத்துகிறது.

இனி நீ செய்ய வேண்டியது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. டெஸ்டைத் திடீரென்று நிறுத்தாதே, வழக்கம்போல் விளையாடு. ஃபோரத்தில் வாயைத் திறக்காதே. ஃபோரத்தில் உனக்கு ஈரத்தீக்குச்சி என்று பெயர் வைத்தவன் நான். அந்தப் பெயர் எங்கேயாவது துள்ளினால் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

பக்கத்தில் இருந்தால் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருப்பேன். "விளையாட்டெல்லாம் ஒரு வேலையாடா?" என்று அப்பா கேட்ட அன்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன் நான். வேலை போய், அதே பையோடு அதே வாசலில் போய் நிற்பதை யோசித்துப் பார். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துகொள்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அண்ணன்


மார்ச் 11, புதன் இரவு

அண்ணா,

உன் கடிதத்தை அத்தை கடையின் துணி மாற்றும் மறைப்புக்குள் நின்று படித்தேன். முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உன்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்று அப்புறம்தான் தோன்றியது. அந்த வரிசையை மாற்றி எழுதலாம் என்று பார்த்தேன். உண்மையில் நடந்த வரிசை இதுதான்.

ஆனால் நேற்று கம்பெனி போட்டதைப் பார்த்தாயா? படத்தை வெளியிட்டவர் அடையாளம் காணப்பட்டார், நடவடிக்கை எடுக்கப்பட்டது, இன்னொரு முறை இப்படி நடந்தால் டெஸ்ட் மொத்தமாக நிறுத்தப்படும் என்று. அம்மாவின் அக்கவுண்டைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது.

மூடியிருப்பது ஓட்டை வாளியின் கேம் அக்கவுண்டை.

உங்கள் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கிய எல்லா கேமும் போய்விட்டது என்று அவரே ஃபோரத்தில் எழுதினார். அவர் மனைவி நர்ஸ். இவருக்குப் பகல் வேலை, அவருக்கு ராத்திரி வேலை. பழைய பண்ணை கேம் ஒன்றில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள். ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டு, பெட்டியில் தக்காளியோ பூவோ வைத்துவிட்டு வருவாராம். "நேரில் பார்ப்பதைவிட அந்தப் பெட்டியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். அதை மட்டுமாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை.

அதற்கு நம் ஆட்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? போன வாரம் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்கள்தான்.

"ஒரு ஆளோட வாய்க்கொழுப்புக்கு எங்க எல்லாருக்கும் டெஸ்ட் போகணுமா?"

"நிபந்தனை பிடிக்கலன்னா பொத்திட்டு இருந்திருக்கலாம்ல?"

"வாளியை முதல் நாளே கவுத்திருக்கணும்."

இப்படியே போகிறது. நானும் அங்கேதான் இருந்தேன். நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. நாளைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை.

பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு இன்று அந்த நிபந்தனைகளை முழுதாகப் படித்தேன். முதல்முறையாக. படம் எடுத்தபோதுகூட நான் படிக்கவில்லை அண்ணா, வாளி படித்துவிட்டார், அது போதும் என்று இருந்தேன். சேரும்போது சைக்கிள் பெல் அடிப்பது மாதிரி 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அமுக்கிவிட்டு உள்ளே ஓடினேன். நாம் விளையாடும்போது மைக்கில் விழும் குரலை மட்டும் இல்லை, அறையில் கேட்கும் சத்தம் எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்வார்களாம். நாம் சொல்லும் யோசனை அவர்களுடையதாம். கேம் நன்றாக இருக்கிறது என்றுகூட வெளியே சொல்லக் கூடாதாம். மீறினதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அக்கவுண்டில் இருக்கும் எதையும் பறிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லையாம்.

போன மாதம் அம்மாவும் அப்பாவும் உன்னைப் பற்றிச் சண்டை போட்டார்கள். "அவன் போன்ல உங்க குரல் கேட்டு எத்தனை மாசம் ஆச்சு" என்று அம்மா அழுதாள். அப்போது நான் மைக்கை அணைக்காமல் விளையாடிக்கொண்டிருந்தேன். அதுவும் இப்போது உங்கள் ஆபீஸில் எங்கேயோ இருக்கிறது. அம்மா பெயரில் நானே அனுமதி கொடுத்திருக்கிறேன்.

வாளி அந்தப் படத்தைப் போடவில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. நாம் என்ன செய்யப் போகிறோம்?

சுண்டு


மார்ச் 15, ஞாயிறு

சுண்டு,

இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். குறட்டைக்காரர் "லவ் லெட்டரா? எழுத்துப்பிழை பாத்துத் தரவா?" என்கிறார். ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வாளியின் அக்கவுண்டை மூடலாம் என்று முடிவு செய்த கூட்டத்தில் நான் இருந்தேன். என்னைத்தான் முதலில் கேட்டார்கள். "படத்தை வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதா?" முடியாது என்றேன். "அப்ப வேற யாரா இருக்கும்? இந்த ஆள்தானே தினமும் கத்திக்கிட்டு இருந்தான்?" என்றார் மேற்பார்வையாளர். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தேன். தாகமே இல்லை.

இன்னும் ஒன்று உனக்குத் தெரியாது. வாளி டெஸ்டிலேயே இல்லை. அவருக்கும் அழைப்பு போயிருக்கிறது. நிபந்தனைகளைக் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார். அப்புறம் 'ஒப்புக்கொள்ளவில்லை' என்பதை அமுக்கிவிட்டு, இந்தந்த இடத்தை மாற்றினால் மகிழ்ச்சியோடு சேர்கிறேன் என்று மரியாதையாக எழுதியும் அனுப்பியிருக்கிறார். அந்தப் பட்டனை அமுக்கினவர் அவர் ஒருவர்தான். அந்தப் பட்டன் வேலை செய்கிறதா என்று சோதித்தபோது அவர் பதிவைப் பார்த்தேன். அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தோம், நானும் சேர்ந்துதான். எதற்கும் ஒப்புக்கொள்ளாத ஆளை மீறினார் என்று தண்டித்திருக்கிறார்கள். கூட்டத்தில் அதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். வரவில்லை.

இப்போது உன் விஷயம். நேற்று ஃபோரத்தைப் படித்தேன். "வாளி, உன் ஒருத்தனால எங்க எல்லாருக்கும் கெட்ட பேரு. போய்த் தொலை." எழுதியவர் ஈரத்தீக்குச்சி.

நீயா எழுதினாய்? வேறு யாரோ உன் பெயரில் எழுதினார்கள் என்று சொன்னால் நம்பத் தயாராக இருக்கிறேன்.

மேற்பார்வையாளர் விடுப்பில் போயிருக்கிறார், நாளை இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை வருகிறார். அன்று போய்ச் சொல்லிவிடப் போகிறேன். அம்மா பெயரில் அக்கவுண்ட் வைத்திருந்தது நான், படம் எடுத்துப் போட்டதும் நான் என்று. உன் பெயர் வராது. அம்மாவுக்கும் தெரிய வேண்டாம். வேலை போகும். போகட்டும். வாசலைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடு.

நீ மீதிப் பரீட்சைகளைப் பார்.

அண்ணன்


மார்ச் 19, வியாழன் இரவு

அண்ணா,

நான்தான் எழுதினேன். வேறு யாரும் இல்லை.

வாளியை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன், "ஈரத்தீக்குச்சி ஏன் சத்தமே இல்லாம இருக்கு? எப்பவும் வாளிக்கு சப்போர்ட் பண்ணுமே?" என்று கேட்டான். இன்னொருவன், "ஒருவேளை படம் போட்டது அதுதானோ" என்று எழுதிவிட்டுச் சிரிக்கும் பொம்மை போட்டான். சும்மா கிண்டலுக்குத்தான். நீ வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தாய். திறந்தேன். அவரைத் திட்டினால் என்மேல் சந்தேகம் போய்விடும் என்று எழுதினேன். போய்விட்டது. பதினேழு பேர் அதற்கு லைக் போட்டார்கள்.

அதற்கு அவர் பதில் எழுதியிருந்தார். நீ அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. "தம்பி, டெஸ்ட் போயிடுமோன்னு பயமா இருக்கா? உன் வயசுல நானா இருந்தா நானும் பயந்திருப்பேன். ஆனா படத்தைப் போட்டது நான் இல்லப்பா. போட்டவருக்கு என்ன கஷ்டமோ, அவரையும் திட்டாதே."

நான் பையன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. ஸ்கூலில் கணக்கு மிஸ் "என்னடி, முகமெல்லாம் வீங்கியிருக்கு" என்று கேட்டார்கள். பல்வலி என்றேன். அது அம்மா காதுக்குப் போய், தான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் எனக்குச் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள். என் பொய் ஒவ்வொன்றுக்கும் யாராவது நல்லது செய்துகொண்டே இருக்கிறார்கள்.

நீ சொன்ன திட்டம் வேண்டாம் அண்ணா. நேற்று உன் கடிதத்தைப் படித்தபோது, ஐயோ என் அண்ணன் என்று அழுதேன். அழுது முடித்ததும், தப்பித்துவிட்டோம் என்று மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். நீ படம் எடுக்கவில்லை. எடுத்தேன் என்று நீ சொன்னால் வாளிக்கு நாம் கொடுப்பது இன்னொரு பொய். நீ மங்கலாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததையும், எனக்கு அழைப்பு கொடுத்ததையும் நீ சொல். நான் செய்ததை நான் சொல்கிறேன்.

அக்கவுண்ட் அம்மா பெயரில் இருப்பதால் கம்பெனிக்கு அம்மாதான் எழுத வேண்டும். அதனால் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். வாளிக்கு எழுத வேண்டியதையும் எழுதி வைத்துவிட்டேன். பெயரில்லாதவர் என்று இல்லை, ஈரத்தீக்குச்சி என்ற பெயரிலேயே. படம் போட்டது நான், உங்களைத் திட்டியதும் நான், நான் தம்பி இல்லை, பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் என்று. அம்மாவிடம் சொன்ன பிறகு அனுப்புவேன். ஃபோரத்தில் அவரைத் திட்டிய மாதிரி என்னைத் திட்டுவார்கள். பதினேழு பேரும் திட்டுவார்கள்.

உன் வேலை போகலாம். போனால் அதற்குக் காரணம் நான். அதை நீ மன்னித்தாலும் அப்படியேதான் இருக்கும். திரும்பி வந்தால் கதவை நான் திறக்கிறேன். அப்பா நகர்ந்துகொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம்.

சாப்பிடும்போது அம்மாவிடம், "வேலை முடிஞ்சதும் என் ரூமுக்கு வர்றியாம்மா, தனியா ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எவனாவது பையனா?"

"இல்லம்மா."

"கணக்குப் பரீட்சையா?"

"அதுவும்தான். ஆனா அது இல்ல."

"ரெண்டையும் விட மோசமா?"

அம்மா என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள். "பாத்திரத்தைக் கழுவிட்டு வர்றேன். தூங்கிட்ட மாதிரி நடிக்காத" என்றாள்.

அதனால் இன்று போர்வைக்குள் இல்லை, மேசையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது நிற்கவே கூடாது என்று இருக்கிறது. சீக்கிரம் நின்றுவிட்டால் பரவாயில்லை என்றும் இருக்கிறது. என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அம்மா, உன் பெயரில் ஒரு காரியம் செய்தேன் என்று ஆரம்பிக்கலாமா? இல்லை, வாளியும் அவர் மனைவியும் பெட்டியில் தக்காளி வைத்துக்கொள்வதிலிருந்து ஆரம்பிக்கலாமா? நர்ஸ் என்றால் அம்மாவுக்கு உடனே

குழாய் நின்றுவிட்டது.

அண்ணா, நாளைக் காலை ஸ்கூலுக்குப் போகும் வழியில் இதைப் போட்டுவிடுவேன். திங்கட்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும். அதற்குள் நீ எதுவும் மாற்றிச் சொல்லிவிடாதே. இந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், உன் மேற்பார்வையாளர் கேட்டால் காட்டு. எனக்கு

கதவைத் தட்டுகிறாள். அம்மா ஒருநாளும் தட்டியதில்லை அண்ணா, நேராகத் திறந்துகொண்டுதான் வருவாள். இன்றைக்குத் தட்டிவிட்டு வெளியிலேயே நிற்கி